முப்பத்தாறாம் நம்பரில் எங்கள் கேட்

அம்மா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் மாமனார் என் அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தத்தில்தான் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு குடும்பமும் உசிலம்பட்டிப் பக்கம். மழை இல்லாமல் நிலத்தைப் போட்டுவிட்டு வண்டியூருக்கு வந்து பக்கம் பக்கமாக வீடு கட்டியவர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி வந்தபோது வீடு மாறிய மாதிரியே தெரியவில்லை. இங்கே உலை வைத்துவிட்டு அங்கே போய்க் குழம்பு வாங்கி வருவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மகளுக்குக் காது குத்தியதில் எல்லாம் கெட்டது.

குலதெய்வம் கோயிலில் வைத்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மகளுக்குத் தாய்மாமன் என் அண்ணன். சீர்த் தட்டுகளோடு டவுன் பஸ்ஸில் கிளம்பி வந்தான். பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாமாவுக்கு அவசரம். மாமன் முறையுள்ள வேறொருவர் மடியில் பிள்ளையை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். அண்ணன் வந்து சேர்ந்தபோது பிள்ளை அழுது ஓய்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"நான் செத்துப் போயிட்டேன்னு நெனச்சிட்டீகளா மாமா?"

"நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டு பேச்சு வேறயா?" என்றார் மாமா.

அவ்வளவுதான். தட்டுகளோடு அப்படியே திரும்பினான். அம்மாவும் அவன் பின்னால் போய்விட்டாள். கறிச்சோறு ஆறிப்போனது.

அன்றிலிருந்து அந்த வீட்டு ஆள் இங்கே வரக் கூடாது. இந்த வீட்டு ஆள் அங்கே போகக் கூடாது. இங்கே மாமா சொன்னார். அங்கே அண்ணன் சொன்னான். என்னையும் அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவருக்கும் பேச்சு குறைவு. அப்பா சொன்னால் சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னையும் பிள்ளையையும் தெப்பக்குளத்துக்கு வண்டியில் கூட்டிப் போவார். நேராகப் போனால் அம்மா தெரு வரும். வண்டி சுற்றிக்கொண்டு போகும். நான் பின்னால் உட்கார்ந்து அந்தப் பக்கம் திரும்பாமல் வருவேன்.

முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு வழி இருந்தது. மத்தியானம் சாப்பிட்டால் மாமா இரண்டிலிருந்து மூன்று வரை அசந்து தூங்குவார். அத்தை இறந்து பல வருடம். வீட்டில் வேறு ஆள் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து போவேன். கொண்டி சத்தம் போடாமல் இருக்க எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். அம்மா பின்வாசலில் நிற்பாள். அந்த நேரம் அண்ணன் வேலையில் இருப்பான். பத்து நிமிடம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. என்ன குழம்பு வைத்தாய், பிள்ளை வெளிக்குப் போனதா, அவ்வளவுதான். திரும்பி வந்து பாத்திரம் கழுவுவேன். அந்தப் பத்து நிமிடம் இருந்ததால் மற்ற நேரத்தைத் தள்ள முடிந்தது.

பிறகு மாமா குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு. தகடு வைத்து அனுப்பினார்கள். எழுந்து நடக்க முடியவில்லை. கூடத்தில் கட்டிலைப் போட்டோம். படுத்தே கிடப்பவருக்குத் தூக்கத்துக்கு நேரம் கிடையாது. எப்போது கண்ணை மூடுவார், எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு அசந்த நாளில் மட்டும் ஓடிப் போய் வந்தேன்.

கேட்டில் யாராவது பெல் அடித்தால் கட்டிலில் இருந்தபடி "யாரு? யாரு?" என்று கத்துவார். நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பேன். ஓடி வர வேண்டும். திறந்து பார்த்து, யார் என்று வந்து சொல்ல வேண்டும். வந்த ஆளை உள்ளே விடவா என்று கேட்க வேண்டும். மறுபடி போக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நடை. இதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் அந்த வேலையை ஆரம்பித்தார்.

இதை நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். என்னைப் பூட்டுவதற்காக யாரும் அதை மாட்டவில்லை. அப்பாவுக்கு ஒத்தாசை, எனக்கு நடை மிச்சம். அந்த எண்ணத்தில்தான் மாட்டினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கேமரா வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளை. டார்ச் லைட் நீளம் இருக்கும். வாசல் சன்ஷேடுக்குக் கீழே கேட்டைப் பார்த்த மாதிரி மாட்டினார். கேட்டுக்குக் கரண்ட் பூட்டு. கடையில் கிடந்த பழைய ரிலே சுவிட்சுகளை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி செய்தார். அதை மாமாவின் கட்டில் தலைமாட்டில் கை எட்டும் இடத்தில் வைத்தார். பெட்டியில் ஐந்து பட்டன். முதல் பட்டன் கேட் பூட்டு. அடுத்தது கேட் லைட். அடுத்தது அடுப்படியில் என்னைக் கூப்பிட மணி. பிறகு தண்ணீர் மோட்டார், கூடத்துப் பேன். கரண்ட் போனாலும் பூட்டும் கேமராவும் பேட்டரியில் ஓடும்.

கேமராப் படம் கூடத்து டிவியில் தெரிய வேண்டும். மாடியில் ஒரு சின்ன டிவி இருந்தது. அதிலும் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"நீ மேல இருந்தாலும் யாரு வந்திருக்கான்னு பாத்துக்கலாம்ல?" என்றார்.

அதற்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கினார். மாடுலேட்டர் என்றார். கேமரா ஒயர் அதில் போகும். அதிலிருந்து வரும் ஒயரையும் கேபிள்காரர் தெருவிலிருந்து இழுத்துக் கொடுத்த ஒயரையும் ஒரே முடிச்சில் சேர்த்தார். அங்கிருந்து இரண்டு டிவிக்கும் பிரித்தார். முப்பத்தாறாம் நம்பர் சேனல் காலியாக இருந்தது. அதில் எங்கள் கேட் வந்தது.

"ஒரே ஒயரு. சினிமாவும் வரும், கேட்டும் வரும்" என்று சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். நானும் சிரித்தேன். தப்பு அந்த முடிச்சில்தான் இருந்தது. அன்று அது எங்களுக்குத் தெரியாது.

பூட்டுக்கு உள்பக்கம் ஒரு திருகு இருந்தது. அதைத் திருகினால் பட்டன் இல்லாமலே திறக்கும். மூன்றாவது நாள் என் மகள் அதை எட்டித் திருகிவிட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாள். ஒரு ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் திருகைக் கழற்றிவிட்டார். ஒரு சாவி அவர் கொத்தில். இன்னொன்று மாமாவின் தலையணைக்கு அடியில்.

மறுநாள் இரண்டு மணிக்கு மாமா குறட்டை விட்டார். நான் பழக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டேன். கம்பியில் கை வைத்தேன். அப்போதுதான் புரிந்தது. சுற்றுச்சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. வேறு வாசல் கிடையாது. கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன்.

அம்மா அன்று பின்வாசலில் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அவள் வீட்டில் போன் கிடையாது. எங்கள் வீட்டுப் போன் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. வீட்டில் எனக்கு வேலை குறைந்தது உண்மை. யார் வந்தாலும் மாமாவே பார்த்து மாமாவே திறந்தார். அவருக்கு அதில் ஒரு தெம்பு வந்தது. பால்காரர் கேனைச் சாய்த்து வைத்தால் "நேரா வைக்கச் சொல்லு" என்று உள்ளே இருந்து குரல் வரும். நாள் பூராவும் முப்பத்தாறுதான். அதில் சத்தம் வராது. கூடம் அமைதியாக இருந்தால் அவர் கேட்டைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

கீரைக்காரம்மா தினமும் ஒன்பது மணிக்கு வரும். ஊர் திருவாதவூர்ப் பக்கம். கூடையை இறக்காமல் கேட் கம்பி வழியாகவே கட்டை நீட்டும். எங்கள் தெருவை முடித்துவிட்டு அம்மா தெருவுக்குப் போகும். ஒருநாள் கீரையைக் கொடுக்காமல் என் கையைப் பார்த்தது.

"ஏத்தா, வெந்தண்ணியா, எண்ணெயா?"

"எண்ணெய்."

"நெனச்சேன். ஒங்கம்மா நேத்தே கேட்டுச்சு. எம்மக கையில வெள்ளையா என்னமோ கட்டியிருக்கா, என்னன்னு கேட்டுட்டு வான்னு."

கை சுட்டது முந்தின நாள் காலை, இந்தம்மா கீரை கொடுத்துவிட்டுப் போன கையோடு. துணி சுற்றியவள் கேட்டைத் தாண்டவில்லை.

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"டிவில பாத்துச்சாம்."

"என்னத்த பாத்துச்சு?"

"ஒன்னயத்தான். இந்தக் கேட்டு, இந்தத் தூணு, அம்புட்டும் தெரியுதாம். ஒங்கண்ணன் அந்த ரிமோட்டுக் குச்சிய வச்சு அமுக்கிக்கிட்டே போயிருக்கு, நீ வந்து நின்னியாம். குப்பை கொட்டுற, தண்ணி தெளிக்கிற. நாங்கூட வந்தேனாம்." கீரைக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவை அண்ணாந்து பார்த்தது. "இதுதானா அது? நான் நல்லாத் தெரியுறேனா?"

"மெதுவாப் பேசுங்க."

"ஏன், பேசுறதும் கேக்குமா?"

"கேக்காது."

"பெறகென்ன?"

நான் கீரையை வாங்கினேன். "இன்னைக்கு நாலு மணிக்குப் புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

நாலு மணிக்குப் போய் நின்றேன். பிள்ளைக்குத் தலை வாரி, பொட்டு வைத்து. கேமராவைப் பார்த்து நின்றால் மாமாவுக்குச் சந்தேகம் வரும். ரோட்டில் போகிற மாட்டைக் காட்டுகிற மாதிரி பிள்ளையை அப்படியும் இப்படியும் திருப்பினேன். மறுநாள் கீரைக்காரம்மா வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பாத்துச்சாம். மழை பேயுற மாதிரி புள்ளி புள்ளியா இருக்காம், ஆனா தெரியுதாம். புள்ளைக்கு ஏன் இன்னும் முடி எறக்கலைன்னு கேட்டுச்சு. நீ எளச்சுப் போயிட்டியாம். முந்தானைய இழுத்துச் சொருகச் சொல்லுச்சு, நாலு பேரு பாக்குறாகளாம்."

அம்மா எப்போதும் இப்படித்தான். குறைதான் சொல்லுவாள். எனக்கு அது போதும்.

அதன் பிறகு தினமும் நாலு மணி. பத்து நிமிடம். மாமா கேட்டார், "எதுக்குத் தெனம் அங்க போயி நிக்கிற?" பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்றேன். அவர் விட்டுவிட்டார். என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு கறுப்புக் கண்ணாடி. அதற்குள் அவள் இருக்கிறாளா, அண்ணன் மாற்றிவிட்டானா, கரண்ட் இருக்கிறதா, எதுவும் தெரியாது. மறுநாள் காலை கீரையோடுதான் பதில் வரும். சில நாள் "நேத்து ஒங்கண்ணன் கிரிக்கெட்டு போட்டுட்டான், பாக்க முடியலையாம்" என்று வரும். அந்தப் பத்து நிமிடமும் நான் சும்மா நின்றிருக்கிறேன். அழ வந்தாலும் அழ முடியாது. அம்மா பார்ப்பாள். அதனால் அழவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்கும் தெரியும் என்று எனக்கு முதலில் உறைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நேத்து கட்டியிருந்தீகளே, அது என்ன கலரு? டிவில கறுப்பாத் தெரியுது."

"பச்சை."

"அட. நாங்க கருநீலம்னு பேசிக்கிட்டோம்."

நாங்கள் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் மூலைவீட்டு அம்மா தெருவில் போகும்போது நின்று, "நேத்து நாலு மணிக்கு வரலையேத்தா, ஒடம்புக்குச் சரியில்லையா?" என்றது. கேட்டில் நின்று கொட்டாவி விட முடியவில்லை. மூக்கைச் சிந்த முடியவில்லை. உள்ளே மாமா, வெளியே தெரு. ஆனாலும் நாலு மணிக்குப் போவதை நான் நிறுத்தவில்லை.

கேமரா மாட்டி நான்கு மாதம் வரை யாரும் மாமாவிடம் சொல்லவில்லை. வாய் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பீடியால்தான் எல்லாம் வெளியே வந்தது.

எதிர்வீட்டுக்காரர் நெஞ்சு வலி வந்து பீடியை விட்டவர். விட்டதாகப் பெண்சாதியிடம் சத்தியம் செய்திருந்தார். எங்கள் கேட் தூணின் நிழல் அவர் வீட்டு ஜன்னலுக்குத் தெரியாது. அங்கே வந்து குத்தவைத்து இழுப்பார். முப்பத்தாறில் அது நன்றாகத் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் வாரியலோடு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"யோவ், எந்திரி. இங்க என்ன சாம்பிராணியா போடுற?"

"இல்ல புள்ள, சும்மா காத்து வாங்க..."

"காத்து வாங்குற லட்சணத்த நாலு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டிவில ஓடுது ஒன் வண்டவாளம். எங்கம்மா வந்திருக்கு, அதுவும் பாத்துருச்சு."

அவருக்கு அவமானம். மறுநாள் கேபிள்காரரைப் பிடித்து, எங்கள் கேட் படம் தெருவுக்கெல்லாம் வருவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். கேபிள்காரர் கம்பத்தில் ஏறி எங்கள் ஒயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து எங்கள் பெல்லை அடித்தார். மாமா பட்டனை அழுத்தினார். நான் மாமாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அய்யா, கேமரா வச்சிருக்கீகளா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அது ஒங்களுக்கு மட்டும் தெரியலை. இந்த லயன்ல நாப்பது வீட்டுக்குத் தெரியுது. முப்பத்தாறப் போட்டா ஒங்க கேட்டுதான். வெளம்பரம்கூட இல்லாம ஓடுது."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. கேபிள்காரர் ஒயர் முடிச்சைக் காட்டி விளக்கினார். உள்ளே வருகிற வழியிலேயே படம் வெளியேயும் போகிறது. அதற்கு நடுவில் ஒரு தடுப்பு போட்டிருக்க வேண்டும்.

"அம்புட்டு வீட்லயுமா?"

"தூரத்து வீட்டுல மங்கல். பக்கத்துல பளிச்சுன்னு."

"எம்புட்டு நாளா?"

"ஒரு நாலு மாசமா இருக்கும்."

"நாலு மாசமா ஒருத்தனும் ஒங்கிட்ட வந்து சொல்லலையாடா?"

கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். "போன வாரம் ஒரு வீட்டுக்கு ஒயர் மாத்தப் போனேன். அந்தம்மா இதத்தான் வச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. என்னம்மா, யாரு வீட்டு கேட்டையோ பாக்குறீகன்னேன். நீ ஒன் வேலையப் பாரு, அத மாத்திப்புடாதன்னுச்சு. எனக்கு அப்ப ஒறைக்கலை."

"எந்த வீடு?"

"அந்தா ரெண்டாவது தெருவுல, வேப்பமரம் நிக்கிற வீடு."

மாமா கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். வேப்பமரம் அவர் தங்கச்சி வீடு கட்டியபோது அவரே நட்டது.

"பிடுங்கிவிடு" என்றார்.

கேபிள்காரர் இடுக்கியை எடுத்து ஒரு ஒயரைக் கழற்றினார். டிவி வெள்ளையாகி இரைந்தது. ஒரு நிமிட வேலை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து கேமராவிலிருந்து கூடத்து டிவிக்கு மட்டும் நேராக வேறு ஒயர் இழுத்தார். மாடி டிவிக்கு இனிமேல் வராது. ஸ்டூலில் நின்று ஆணி அடித்தபடி மெதுவாகக் கேட்டார்.

"நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக மச்சான்?"

யோசித்தார். "சரி பண்ணியிருப்பேன்."

"அதான் சொல்லலை."

அடுத்த ஆணியை எடுத்து அடித்தார். அப்பாவிடம் அவரும் ஒன்றும் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. இந்த வீட்டில் கோபத்துக்கு இடம் ஒருவருக்குத்தான்.

மறுநாள் கீரைக்காரம்மா, "என்னத்தா, படம் நின்னு போச்சாம்ல? ஒங்கம்மா சாப்பிடலை" என்றது. நான் கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

நாலு மணி ஆனது. எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டு மாதப் பழக்கம். பிள்ளைக்குத் தலை வாரிப் பொட்டு வைத்தேன். தூக்கிக்கொண்டு போய் கேட்டில் நின்றேன். அன்று மாட்டைக் காட்டவில்லை. கேமராவை நேராகப் பார்த்து நின்றேன்.

அடுப்படியில் மணி அடித்தது. மாமா கூப்பிடுகிறார். நான் போகவில்லை. மறுபடி அடித்தது. கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் கூப்பிட்டு நான் போகாதது அன்றுதான். கால் மணி நேரம் கழித்து உள்ளே போனேன். காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

"காது செவிடா?"

"கேட்டுச்சு மாமா."

"எதுக்கு அங்க நிக்கிற? இப்பத்தான் எவளும் பாக்க முடியாதுல்ல?"

"நீங்க பாக்குறீகள்ல மாமா."

காபியைத் தொடவில்லை அவர். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாளும் நின்றேன். உள்ளே டிவியில் பாட்டுச் சத்தம். கேட் படத்தை மாற்றிவிட்டு வேறு எதையோ பெரிதாக வைத்திருந்தார். தெரு முனை வரை கேட்டிருக்கும். நான் பாட்டு முடியும் வரை நின்றேன். மூன்றாவது நாளும் பாட்டு. நான்காவது நாள் செய்தி. கேட்டில் யாராவது பெல் அடித்தாலும் அந்த நேரத்தில் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்ற மாதிரி வைத்திருந்தார். பிள்ளை கனத்தது. இறக்கி விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் இருந்து பார்த்தாள். டிவியில் இல்லை, நேராக.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறங்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அவரால் பிறகு மாற்ற முடியாது. அவர் மனசு எனக்குத் தெரியும். அது எங்கள் அம்மாவின் மனசும்தான்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நான் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. கரண்ட் இருந்தது. எங்கள் கூடம் மட்டும் அமைதி.

பார்க்கிறார்.

நான் அசையவில்லை. பிள்ளை "தாத்தா" என்று கேமராவுக்குக் கை ஆட்டியது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அமைதிதான். அதற்கு அடுத்த நாளும்.

அதற்கும் அடுத்த நாள், எனக்குப் பின்னால் பூட்டு டக் என்றது.

திரும்பிப் பார்த்தேன். வெளியே யாரும் இல்லை. பெல் யாரும் அடிக்கவில்லை. கேட் ஒரு விரல் அளவு விலகி நின்றது. கை தவறிப் பட்டிருக்குமோ என்று நினைத்தேன். உள்ளே இருந்து குரல் வரவில்லை. மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். காலில் செருப்பு இல்லை என்பது பாதித் தெரு போன பிறகுதான் தெரிந்தது.

முன்வாசல் வழியாகப் போனேன். அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் எழவில்லை. கையைத் தரையில் ஊன்றினாள், அப்படியே இருந்தாள்.

"சொல்லிட்டா வந்த?"

"சொல்லலை. தெறந்துச்சு. வந்தேன்."

"எங்கண்ணனா தெறந்துச்சு?"

"ஆமா."

பூண்டுத் தோலை முறத்தில் தள்ளினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "டிவில பாத்ததைவிடக் கறுத்துத்தான் போயிருக்க" என்றாள். அண்ணன் வேலை முடிந்து வந்தான். செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்த்தான். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். காதைத் தடவிப் பார்த்தான்.

ஆறு மணிக்குத் திரும்பினேன். பெல் அடித்தேன். உடனே திறந்தது. விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தாரோ என்னவோ. கூடத்தில் அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"வாசல்ல வச்சுப் பேசுனாளா, உள்ள கூப்பிட்டாளா?"

"உள்ளதான் மாமா."

"அவன்?"

"புள்ளைய மடியில வச்சிருந்துச்சு."

பேன் பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தி நிறுத்தினார்.

"நாலு மணிக்குப் போனா எனக்குக் காபி நேரம் தட்டிப் போகுது. மூணுக்குப் போ. அஞ்சுக்கு வந்துரணும்."

"சரி மாமா."

மூன்றிலிருந்து ஐந்து வரை. அவர் இருந்தவரை, ஆறு வருடம், அப்படித்தான் போய் வந்தேன். அவரும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் இந்த வாசலுக்கு வரவில்லை. சாவியை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. தினமும் மூன்று மணிக்கு நான் கேட்டில் போய் நிற்க வேண்டும். அவர் டிவியில் பார்க்க வேண்டும். பார்த்து அழுத்த வேண்டும். குழம்பில் உப்புக் கூடிய நாள் என்றால் மூன்றரை வரை அழுத்த மாட்டார். வெயிலில் நிற்பேன். அங்கே அம்மா நின்றுகொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். பிறகு அழுத்துவார்.